தலைவர் பெயரில் போன செய்தி

நகரசபைத் தலைவரை ஊரில் யாரும் தலைவர் என்று கூப்பிடுவதில்லை. விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடம் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். ஒருமுறை விசிலைத் தொலைத்துவிட்டு ஒரு வாரம் முழுக்கத் தொண்டையாலேயே வண்டியை நிறுத்தினார் என்று ஒரு கதை உண்டு. கதை பொய்யாக இருக்கலாம், தொண்டை பொய்யில்லை. அடுத்த தெருவில் இருப்பவரிடம் பேச அவருக்குத் தொலைபேசி தேவைப்பட்டதே கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை சபைக் கூட்டத்தில் தெருவிளக்கு விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தெற்குச் சாலையில் பதினான்கு கம்பங்களில் ஒன்றுகூட எரியவில்லை என்று எதிர்க்கட்சி உறுப்பினர் மேசையைத் தட்ட, பதிலுக்கு விசிலக்கா தன் மேசையைத் தட்ட, மேசைகள்தான் பாவம். அப்போது சபைச் செயலர் குனிந்து ஓர் உறையை அவர் முன்னால் வைத்தார். வைத்த விதமே சரியில்லை. சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல விரல் நுனியால் வைத்துவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன இது?"

"புகார் மேடம். உங்க மேல."

அவருடைய அலுவலகத்தில் நாலு வருடம் டைப்பிஸ்டாக இருந்து, இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டுப்போன பெண் எழுதியது அது. மகளுக்குக் காதில் அறுவை சிகிச்சை நடந்த அன்று விடுப்பு மறுக்கப்பட்டது. தலைவர் அறைக்கு வெளியே, வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்க, ஒன்றரை மணி நேரம் தண்டனையாக நிற்கவைக்கப்பட்டாள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று திரும்பத் திரும்ப மிரட்டப்பட்டாள். எல்லாம் தலைவர் உத்தரவு. செயலர் இதைச் சுருக்கமாகச் சொல்லி முடிப்பதற்குள் விசிலக்கா கைப்பையைத் திறந்துவிட்டார். உறையைப் பிரிக்காமலே கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலைப் பத்திரிகைகளில் அவர் படம் வந்தது. ஏதோ கூட்டத்தில் மைக் முன்னால் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்த படம். அதைப் பார்த்தவர்களுக்குக் கீழே இருந்த செய்தியைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஓய்வுபெற்ற தொழிலாளர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை விசாரணைக்கு நியமித்தார்கள். அந்த அம்மாள் விசாரித்து முடிக்கும்வரை தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது, அலுவலகத்துக்குள் காலெடுத்து வைக்கவும் கூடாது. ஆக, முப்பது வருடமாக விடிந்தால் வேலைக்குக் கிளம்பிய மனுஷி, காலை ஒன்பது மணிக்கு வீட்டுக் கூடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஊர் நம்பிவிட்டது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "அந்த வாய்க்கு என்னைக்காவது இது வரும்னு எனக்குத் தெரியும்" என்று மருந்துக் கடையில் யாரோ சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கூடவே தொழிற்சங்கத்தில் நின்ற பழைய டிரைவர் அவர் அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தினமும் ஆயிரம் பேரிடம் கத்துகிறோம். எதையோ சொல்லிவிட்டு மறந்துபோனோமோ?

அவருடைய கணவர் பல்செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் அவர் பட்டறை. மேசை நிறைய ஊரார் வாய்களின் மாவு அச்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். சாதாரணமாக அவர் பேசவே மாட்டார். அந்த வீட்டில் பேச்சு வேலையை மனைவி ஒருவரே கவனித்துக்கொண்டார். அவர்கூட ஒருநாள் வாய் திறந்து, "ராத்திரியெல்லாம் பல்லை நறநறன்னு கடிக்கிறே. இப்படியே போனா எனக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு ஆர்டர் வந்துடும்" என்றார். விசிலக்காவுக்குச் சிரிக்க வேண்டும் என்று தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது வக்கீல் கூப்பிட்டனுப்பினார். போனால், அங்கே தம்பி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். பதினொரு வயது இளையவன். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்ததே அக்காதான். அவர் தலைவரானதும் அலுவலகத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். அவரை யார் பார்க்கலாம், எந்தக் காகிதம் கையெழுத்துக்குப் போகலாம் என்பதெல்லாம் அவன் கையில். தலைவர் பெயரில் செய்திகள் போகிற அலுவலகத் தொலைபேசியும் அவன் மேசையில்தான் இருக்கும். விசிலக்காவுக்கு எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு அனுப்பப் பொறுமை கிடையாது. தன் சொந்தத் தொலைபேசியில் பேசுவதோடு சரி.

வக்கீலின் மேசையில் தடிமனாக ஒரு வருகைப் பதிவேடு கிடந்தது.

"நாலு வருஷத்துல முப்பத்தொரு தடவை லேட்டா வந்திருக்கா மேடம்" என்றார் வக்கீல் உற்சாகமாக. "உங்க தம்பி உட்கார்ந்து ஒவ்வொண்ணா குறிச்சுக் கொடுத்திருக்கார். வேலையில அக்கறை இல்லாதவ, கண்டிச்சதுக்குப் பழிவாங்குறா. இப்படி ஒரு போடு போட்டோம்னா முடிஞ்சுது."

"முப்பத்தொரு தடவை" என்று தம்பியும் அழுத்திச் சொன்னான்.

"புகார்ல அவ சரியா என்ன எழுதியிருக்கா?" என்று விசிலக்கா கேட்டார்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இன்னும் படிக்கலையா?"

படிக்கவில்லை. பயம். சபையில் அத்தனை பேரையும் கண்ணில் விரலைவிட்டு ஆட்டுகிறவருக்கு ஓர் உறையைப் பிரிக்கப் பயம். அன்று மாலை கணவரின் பட்டறை மேசையில், மாவுப் பற்களை ஓரமாக நகர்த்திவிட்டு, முதல் தடவையாகப் படித்தார். மூன்று பக்கம். அழுகை புலம்பல் எதுவும் இல்லை. தேதி, நேரம், நடந்தது, அவ்வளவுதான். இரண்டாம் பக்கத்தில் அலுவலகத் தொலைபேசியிலிருந்து வந்த செய்தியை அப்படியே எழுதியிருந்தாள். ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை 10.12.

"ஆபரேஷன் டாக்டர் பண்ணுவார். நீயா பண்ணப் போறே? சீட்டுக்கு வந்து சேர்."

விசிலக்கா அதை வாய்விட்டுப் படித்தார். கையில் பிடித்திருந்த சின்னக் கத்தியைக் கணவர் கீழே வைத்தார்.

"இது நீ இல்லை" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"முப்பது வருஷமா உன்கிட்டத் திட்டு வாங்குறேன். நீ ரெண்டு வரியில திட்டி முடிச்சு நான் பார்த்ததே இல்லை."

அதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்புறம்தான் தேதி உறைத்தது. ஒன்பதாம் தேதி புதன்கிழமை! பிரதான குழாய் வெடித்துப் பாதி ஊருக்குத் தண்ணீர் நின்றுபோன நாள் அல்லவா!

விடிந்ததும் விடியாததுமாக நீரேற்று நிலையத்துக்கு ஓடினார். பம்ப் ஆபரேட்டர் அலமாரியிலிருந்து குறிப்பேட்டை எடுத்துத் தூசி தட்டினார். 9.25, தலைவர் வருகை. 12.40, தலைவர் புறப்பாடு. பக்கத்தில் விசிலக்காவின் கையெழுத்து, சேற்றுக் கட்டைவிரல் தடத்தோடு.

"மறக்க முடியுமா அக்கா? வால்வு குழிக்குள்ள எங்களோடயே நீங்களும் இறங்கிட்டீங்க. போன் நனைஞ்சுடும்னு என் டிராயர்ல போட்டுட்டுப் போனீங்க. அஞ்சு பேர் சாட்சி சொல்லுவோம்" என்றார் ஆபரேட்டர்.

வக்கீல் நாற்காலியிலிருந்து துள்ளிக் குதிக்காத குறை. "இது போதும் மேடம்! நீங்க குழிக்குள்ள இருந்தீங்க. செய்தி நீங்க அனுப்பலை. கேஸ் க்ளோஸ்."

"அப்ப யாரு அனுப்பினதுன்னு கேட்பாங்களே?"

"கேட்கட்டும். தெரியாதுன்னு சொல்லுங்க. அந்தப் பொண்ணே உருவாக்கினதா இருக்கலாம்னு நான் கோடி காட்டிடறேன். இந்தக் காலத்துல எதையும் போலியா தயாரிக்கலாம்."

"அவ பொய் சொல்றான்னு ஆயிடுமே."

"ஆகட்டுமே!"

"பெத்த பொண்ணு காதுல கத்தி வைக்கிற நேரத்துல, ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து எனக்கு எதிராக் கதை கட்டிட்டு இருந்திருப்பாளா?" என்று கேட்டார் விசிலக்கா. எழுந்து வந்துவிட்டார்.

யார் அனுப்பியது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. முந்தின நாள் பட்டறையில் படித்தபோதே தெரிந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். மனசு அந்தப் பக்கம் போகாமல் பிடித்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை தம்பி வீட்டுக்குப் போனார். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நாற்காலியில் ஏற்கெனவே நான்கு சட்டைகள் மடிப்புக் கலையாமல் தொங்கின.

"ஒன்பதாம் தேதி அந்தச் செய்தியை அனுப்பினது நீதானே?"

இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை. "எந்தச் செய்தி?"

"டேய்."

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. சின்ன வயதிலிருந்து அவனிடம் எதையும் அந்த ஒரு சொல்லால்தான் வரவழைத்திருக்கிறார்.

"அன்னைக்கு மேலிடத்துக்குப் போகவேண்டிய அறிக்கை இருந்துச்சு. அவ லீவுன்னா யாரு டைப் அடிப்பா? உன்கிட்டக் கேட்டா சரி போயிட்டு வான்னு சொல்லியிருப்பே" என்றான், தலை நிமிராமல்.

"சொல்லியிருப்பேன்தான்."

"அதான்! எல்லாருக்கும் நீ சரி சரின்னு சொல்லிட்டுப் போயிடறே. இல்லைன்னு சொல்ல ஒரு ஆள் வேணாமா? உனக்கு நல்ல பேரு கிடைக்கணும்னா யாராவது ஒருத்தன் கெட்ட பேரு வாங்கித்தானே ஆகணும்?"

"வாங்கினே, சரி. அதையும் என் பேர்லயே வாங்கிட்டியேடா!"

இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்றதில் துணி கருகும் வாசனை வந்தது. அக்காதான் எட்டி அதை நிமிர்த்தி வைத்தார்.

"வெளியில நிக்கவச்சதும் நீதானா?"

"சும்மா ஒரு பயம் இருக்கட்டும்னு..." என்று இழுத்தவன், திடீரென்று குரலை உயர்த்தினான். "இப்ப என்னங்கிறே? என்னைக் காட்டிக் கொடுக்கப் போறியா? இடுப்புல தூக்கிவச்சு வளர்த்தவ நீ!"

"அதனாலதான் முதல்ல உன்கிட்ட வந்தேன்" என்றார் விசிலக்கா. அவர் குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "வியாழக்கிழமை விசாரணைக்கு நீயே வந்து சொல்லு. நீ வரலைன்னா நான் சொல்லுவேன்."

திரும்பி நடக்கும்போது, நாம் செய்யவில்லை, மறந்தும்கூடச் செய்யவில்லை என்ற எண்ணம் உள்ளுக்குள் ஒரு மூலையில் மெல்ல ஆறுதலாகப் பரவியது. அதை நினைத்து அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

விசாரணை பொது நூலகத்தின் மாடியில் நடந்தது. நீண்ட மேசை, கடகடவென்று ஓடும் மின்விசிறி, தண்ணீர்க் கூஜா. நீதிபதியம்மாள் சின்ன உருவம். நாற்காலியில் உட்கார்ந்தால் மேசைக்கு மேலே தலை மட்டும் தெரியும். டைப்பிஸ்ட் எதிரே மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தம்பி வரவில்லை.

"தலைவர் எப்பவாவது உங்ககிட்ட நேர்ல சொல்லியிருக்காங்களா?" என்று நீதிபதியம்மாள் கேட்டார்.

"இல்லைங்க. அவங்க தம்பி உள்ளே போயிட்டு வந்து, 'மேடம் இப்படிச் சொல்லிட்டாங்க'ன்னு சொல்லுவார். நான் நேர்ல பார்க்கணும்னு ரெண்டு தடவை கேட்டேன். மேடம் கோபமா இருக்காங்க, உள்ளே போனா வேலை போயிடும்னார்."

"உங்களை நிக்கவச்ச அன்னைக்கு தலைவர் அறைக்குள்ள இருந்தாங்களா?"

"இருக்காங்கன்னுதான் சொன்னார்." டைப்பிஸ்ட் சற்றுத் தயங்கினாள். "ஆனா ஒன்றரை மணி நேரமா உள்ளேயிருந்து ஒரு சத்தமும் கேட்கலை. அதுதான் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

நீதிபதியம்மாளின் உதடு ஒரு பக்கமாகத் துடித்து அடங்கியது. விசிலக்கா தன் அறையை நினைத்துப் பார்த்தார். அதற்குப் பின்பக்கம் ஒரு படிக்கட்டு உண்டு. நேரே வண்டி நிற்கிற இடத்துக்கு இறங்கிவிடலாம். நாலு வருடமாக அந்த வழியாகத்தான் வந்தார், போனார். முன் நடையில் யார் நின்றார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

வக்கீல் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். விசிலக்கா அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். "உட்காருங்க சார். நானே பேசிக்கிறேன்."

நீரேற்று நிலையக் குறிப்பேட்டை மேசைமேல் வைத்தார். அந்தச் செய்தி போன நேரத்தில் தான் எங்கே இருந்தேன் என்று சொன்னார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அவருக்குப் போதும். வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் அவர் நிறுத்தவில்லை.

"செய்தி உண்மைங்கம்மா. அந்தப் பொண்ணு உருவாக்கினது இல்லை. என் அலுவலக போன்லேர்ந்து என் தம்பி அனுப்பினது. நிக்கவச்சதும் அவன்தான். எனக்கு இது தெரியாது. ஆனா தெரிஞ்சிருக்கணும். நாலு வருஷம் எனக்காக வேலை செஞ்சவ லீவு கேட்டாளா, அவ பொண்ணுக்கு என்ன உடம்புன்னு நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது என் தப்பு. மத்தது நான் செய்யலை."

கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை தம்பியை வரவழைத்தார்கள். கருகல் தெரியாத வேறு சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் "ஆமா" என்றான். ஏழு "ஆமா". ஒவ்வொன்றுக்கும் குரல் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. கடைசியாக, "இதெல்லாம் தலைவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார் நீதிபதியம்மாள்.

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். தெரியும் என்று அவன் சொல்லியிருக்கலாம். அவனுடைய சுமையில் பாதி இறங்கியிருக்கும்.

"தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னைத் தொலைச்சிருப்பா" என்றான்.

வெளியே வந்து, அலுவலகச் சாவிக்கொத்தை அக்காவின் கையில் வைத்தான். "போன் மேல் டிராயர்ல இருக்கு. சார்ஜ் போட்டு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனான். விசிலக்கா கூப்பிடவில்லை. அந்த வாரமே அவர் இரண்டு தடவை அவன் வீட்டுக்குப் போனார். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாவது தடவை திறந்தது. அரை மணி நேரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து செய்தித்தாளின் வேறு வேறு பக்கங்களைப் படித்தார்கள். போகட்டும், அதுவாவது நடந்ததே என்று அவருக்கு இருந்தது.

பதினொரு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை நண்பகலில், அதே மாடியில் முடிவைப் படித்தார்கள். தலைவர் மேல் சொல்லப்பட்ட மூன்று குற்றச்சாட்டுகளில் ஒன்றையும் அவர் செய்யவில்லை. அவருக்குத் தெரிந்து நடந்ததற்கும் ஆதாரமில்லை. புகார் கொடுத்தவர் சொன்ன சம்பவங்கள் அத்தனையும் நடந்தவை; நல்லெண்ணத்தோடுதான் புகார் கொடுத்திருக்கிறார். அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார். தன் பெயரில் நடப்பதைத் தலைவர் கவனித்திருக்க வேண்டும் என்று கடைசியாக ஒரு வரி. அதை நீதிபதியம்மாள் தாளைப் பார்க்காமல், அவரைப் பார்த்துச் சொன்னார். விசிலக்கா தலையசைத்தார்.

நாற்பத்தேழு நாளாக நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டது போலிருந்தது. மூச்சை இழுத்தார். அது அடிவயிறு வரைக்கும் போனது.

படிக்கட்டின் பாதியில் டைப்பிஸ்ட் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ எழுதினதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்லம்மா. ஆள்தான் மாறிப்போச்சு. என்னை மன்னிச்சுக்கோ" என்றார் விசிலக்கா.

"உண்மையைச் சொல்லட்டுமா மேடம்? நீங்க இல்லைன்னு தெரிஞ்சதும் எனக்குத்தான் முதல்ல நிம்மதியா இருந்துச்சு." அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "நாலு வருஷமா நீங்க உள்ளே சத்தம் போடறதைக் கேட்டு வெளியில உட்கார்ந்து சிரிச்சிருக்கேன். நல்ல மனுஷின்னு நினைச்சிருந்தேன். அந்தச் செய்திக்கு அப்புறம் அந்தக் குரல் டிவியில வந்தாலே ஆஃப் பண்ணிடுவேன். அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு."

"பொண்ணு காது எப்படி இருக்கு?"

"நல்லாக் கேக்குது. நான் வேலை சொன்னா மட்டும் கேக்கலை."

விசிலக்கா சிரித்தார். நாற்பத்தேழு நாளுக்குப் பிறகு வாய்விட்டு வந்த சிரிப்பு; நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வேலைக்குத் திரும்பி வருகிறாயா என்று கேட்டார். "யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்றாள் அவள். "நல்லா யோசி. அவசரமே இல்லை" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததை முழுவதும் சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே கொட்டாவி வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கணவர் மெதுவாகச் செருப்பைக் கழற்றி வைத்தார், ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

மூன்று மணிக்குக் கட்சிக்காரர்கள் இருபது பேர் வாழ்த்துச் சொல்ல வந்து வாசலில் கூடினார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் இத்தனை நாளாக அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டாதவர்கள். ஒருவர் கோஷம் போடக் கையைத் தூக்கினார். கணவர் கதவைப் பாதி திறந்து, உதட்டில் விரலை வைத்தார்.

"தூங்குறா. நாளைக்கு வாங்க" என்றார்.

கூடத்திலிருந்து குறட்டை வந்தது. தெருக்கோடிக்குக் கேட்கும் குறட்டை. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, சத்தமில்லாமல் கலைந்து போனார்கள்.